திறந்த வண்டியில் அடிபடுவது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை குமுளியில் நண்பர் வீட்டு மாடியில், மேசை மேல் பொம்மைப் படைகளை வைத்து டைஸ் உருட்டி ஆடும் போர் விளையாட்டான வார்ஹேமர் 40,000 ஆடினோம். நாங்கள் இன்னும் 2014-இல் வந்த ஏழாம் பதிப்பு விதிகளில்தான் ஆடுகிறோம். என் ஆர்க் படையின் ட்ரக் என்ற கூரையில்லாத வண்டி, உள்ளே பன்னிரண்டு பேரோடு, இரண்டாவது சுற்றிலேயே போய்விட்டது. அதை முடித்தது பீரங்கி இல்லை, ஏவுகணை இல்லை. எதிரணியின் பத்து ஸ்பேஸ் மரீன் வீரர்களின் கையில் இருந்த சாதாரண போல்ட்டர் துப்பாக்கிதான். தோற்றது பரவாயில்லை. ஆனால் திறந்த வண்டிக்கான விதியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

ஆடாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிப்பில் வண்டிக்கு முன், பக்கம், பின் என்று தனித்தனிக் கவச எண் உண்டு. ஆயுதத்தின் வலிமையோடு டைஸில் விழுந்ததைக் கூட்டினால் அந்த எண்ணைத் தொட வேண்டும். போல்ட்டரின் வலிமை 4. ஸ்பேஸ் மரீன்களின் மூடிய வண்டியான ரைனோவுக்கு முன்னும் பக்கமும் 11. ஆறே விழுந்தாலும் பத்துதான், கீறல்கூட விழாது. ட்ரக்குக்கு எல்லாப் பக்கமும் 10. ஆறு விழுந்தால் ஒரு புள்ளி போச்சு. மொத்தம் இருப்பதே மூன்று புள்ளி. பத்துப் பேர் 12 அங்குலத்துக்குள் வந்துவிட்டால் இருபது குண்டு. சராசரியாகப் பதின்மூன்று படும், அதில் இரண்டுக்கு ஆறு விழும். அன்று மூன்றுக்கு விழுந்தது.

மெல்லிய தகரம், அதனால் கவசம் 10. அது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை அடுத்த விதியோடு. குண்டு துளைத்துவிட்டால் சேதப் பட்டியலில் இன்னொரு டைஸ், ஏழு வந்தால் வெடிப்பு. ஆட்டோகேனன் மாதிரி நடுத்தர ஆயுதத்தால் ரைனோவை வெடிக்க வைக்கவே முடியாது, டைஸில் ஏழு கிடையாதே. திறந்த வண்டி என்றால் மட்டும் ஒன்று கூட்டிக்கொள் என்கிறது விதி. ஆறு விழுந்தால் அது ஏழாகி வண்டி வெடிக்கிறது. கூரை இல்லை என்பதற்காக இன்ஜின் ஏன் வெடிக்க வேண்டும்?

நான் கம்பம்மெட்டுக்காரன். கம்பத்தில் இருந்து விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவன். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நானும் போவேன். உள்ளே இடம் இருக்காது, பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போக வேண்டும். ஒரு மழை நாள். வளைவில் தாழ்ந்து கிடந்த கிளை சடாரென்று அடித்ததில், கொங்காணி போட்டு என் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு நெற்றி கிழிந்துவிட்டது. ரத்தம் மழையோடு சேர்ந்து கன்னத்தில் இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஜீப்புக்கு ஒரு கீறல் இல்லை.

மழையோ தூசியோ கிளையோ, திறந்த வண்டியில் எல்லாம் ஆளைத்தான் அடிக்கும். அதே ஜீப்பில் "அண்ணே, லாரி!" என்று முதலில் கத்துவதும் பின்னால் நிற்பவர்கள்தான். வண்டி நிற்கும் முன்பே எந்தப் பக்கமும் குதித்து இறங்குவதும் அவர்கள்தான்.

போரிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்10 டாங்கி ஒழிப்பு வண்டியின் பீரங்கிக் கோபுரத்துக்கு மேல்மூடி கிடையாது. எடை குறைந்தது, சுற்றிலும் நன்றாகப் பார்க்க முடிந்தது. பதிலுக்குத் தலைக்கு மேல் வெடிக்கும் குண்டுக்கும், உள்ளே வந்து விழும் கையெறி குண்டுக்கும், மாடி ஜன்னலில் இருந்து சுடுபவனுக்கும் உள்ளே இருந்தவர்கள் ஆளானார்கள்.

அப்புறம் தூரம். 1940-இல் ரால்ஃப் பேக்னோல்ட் எகிப்தில் தொடங்கிய நெடுந்தூரப் பாலைவனப் படை கூரையில்லாத லாரிகளில்தான் சஹாராவைச் சுற்றியது. 1987-இல் சாட் நாட்டுப் படை டொயோட்டா பிக்கப்பில் மிலான் ஏவுகணையை ஏற்றிக்கொண்டு போய் லிபியாவின் டாங்கிகளை அடித்தது. வார்ஹேமர் 40,000 முதலில் வெளிவந்ததும் அதே 1987-இல்தான். அந்த வண்டிகளைக் காப்பாற்றியது பரந்த வெளியும் வேகமும். நம் மேசை ஆறடிக்கு நாலடி. போல்ட்டர் 24 அங்குலம் சுடும். 28 மில்லிமீட்டர் பொம்மையின் அளவுக்கு அதை விரித்துப் பார்த்தால் நாற்பது மீட்டர்கூட வராது. துப்பாக்கி வரிசைக்கு நாற்பது மீட்டரில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்த ஓட்டுநராலும் தப்பிக்க முடியாது. ட்ரக்கின் பலவீனத்தில் பாதி நம் மேசையின் பலவீனம்.

2017-இல் வந்த எட்டாம் பதிப்பு கவச எண்ணையே தூக்கிவிட்டது. திறந்த வண்டி என்றால் உள்ளிருந்து சுடலாம், அவ்வளவுதான். கூரை இல்லாததற்கு எந்த விலையும் இல்லை. எனக்கு அதிலும் சம்மதமில்லை. ஏழாம் பதிப்பில் ஒரு விதி அருமையானது: தீ உமிழும் ஆயுதம் திறந்த வண்டியில் பட்டால் உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு டைஸ் அளவுக்கு அடி. இதை எழுதியவருக்குத் திறந்த வண்டி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

அதனால் வரும் ஞாயிறு இப்படி ஆடப்போகிறோம். அந்தக் கூடுதல் ஒன்று கிடையாது. தீ மட்டுமல்ல, வெடித்துச் சிதறும் குண்டு எது பட்டாலும் உள்ளே இருப்பவர்களுக்கு அடி. மேசை இரண்டைச் சேர்த்துப் போடுகிறோம். நண்பருக்கு முதல் விதியில் இன்னும் மனம் வரவில்லை. இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.