அந்தப் படத்தில் பெரிய கலகக்காரி அம்மாதான்

மேஜைக்கு எதிர்ப்பக்கம் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். உதட்டோரம் க்ரீம் சீஸ் ஒட்டியிருக்கிறது. 16 வயது மகன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தில் இருப்பதைக் கோபம் என்று சொல்ல முடியாது, அருவருப்பு. கேமராவும் அவன் கண்ணாகவே மாறி அந்த வாயை விட்டு நகர மறுக்கிறது. 2009-இல் வந்த 'ஜே டூவே மா மேர்', அதாவது 'நான் என் அம்மாவைக் கொன்றேன்', படத்தை நான் மறக்காமல் வைத்திருப்பது இந்தக் காட்சியால்தான். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுப் படம். தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படத்தில் கொலை எதுவும் இல்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, "திமிர் பிடித்த பையன், ரெண்டு அறை விட்டால் சரியாகிவிடுவான்." இன்னொன்று, "பையனைப் புரிந்துகொள்ளாத அம்மா." இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த மகன் ஹூபர்ட் எதற்காக அம்மாவோடு சண்டை போடுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிற அப்பா இல்லை, பட்டினி இல்லை. அம்மா ஷான்டால் கார் ஓட்டிக்கொண்டே மேக்கப் போடுகிறாள், அதற்கு ஒரு சண்டை. வீடு முழுக்க சிறுத்தைப் புள்ளி டிசைனும் பளபளா சாமான்களுமாக அவள் அடுக்கி வைத்திருக்கும் ரசனை அவனுக்குத் தாங்கவில்லை. தனியாக வீடு எடுத்துத் தங்குகிறேன் என்கிறான். முதலில் சரி என்கிறாள், மறுநாள் முடியாது என்கிறாள். அதற்கு ஒரு பெரிய சண்டை. பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாமே அற்ப விஷயம். ஆனால் 16 வயதில் வீட்டை வெறுக்கிறவர்கள் இப்படித்தான் வெறுக்கிறார்கள். நேற்றுவரை உலகமே அவள்தான் என்று இருந்தவனுக்கு இன்று அவள் மெல்லும் சத்தம் தாங்கவில்லை. அதற்குக் காரணம் கேட்டால் அவனுக்கே தெரியாது. குளியலறையில் கேமராவை வைத்துக்கொண்டு தனக்குத் தானே பேசுகிறானே, கறுப்பு வெள்ளையில் வரும் அந்தத் துண்டுகளில் அவன் தேடுவதும் அந்தக் காரணத்தைத்தான்.

அவன் செய்வதில் கொடுமையும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளியில் டீச்சரிடம் "அம்மா செத்துவிட்டாள்" என்று சொல்லிவிடுகிறான். விஷயம் தெரிந்ததும் அவள் பள்ளிக்கே வந்து நிற்கிறாள்.

எழுதி இயக்கி ஹூபர்டாக நடித்ததும் சேவியர் டோலன்தான். 1989-இல் மோன்ட்ரியாலில் பிறந்தவர். 16, 17 வயதில் எழுதிய கதை, தன் சொந்த வாழ்க்கையிலிருந்து நிறைய எடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். குழந்தை நடிகராகச் சம்பாதித்த சேமிப்பைப் போட்டுத்தான் படத்தைத் தொடங்கினார், மாகாணத்தின் நிதி உதவி அப்புறம்தான் வந்தது. மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் கனடா டாலர். பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் 'இயக்குநர்களின் பதினைந்து நாட்கள்' பிரிவில் திரையிட்டபோது அவருக்கு 20 வயது. அங்கே மூன்று பரிசுகள் வாங்கியது.

20 வயதுப் பையன் தன் அம்மாவைப் பற்றிப் படம் எடுத்தால் என்ன செய்வான்? தன் பக்க நியாயத்தை அடுக்கியிருப்பான். டோலன் அதைச் செய்யவில்லை. நல்ல காட்சிகளை எடுத்து ஷான்டாலிடம் கொடுத்துவிட்டார்.

ஹூபர்டுக்கு அந்தோனன் என்ற காதலன் இருப்பது அவளுக்குத் தெரியாது. தோலை வெயில் நிறமாக்கும் பார்லரில் அந்தோனனின் அம்மா ஏதோ ஊருக்கே தெரிந்த சமாசாரம்போல அதைச் சொல்லிவிட்டுப் போகிறாள். ஷான்டாலின் முகத்தைப் பாருங்கள். ஷான்டாலாக நடித்த ஆன் டோர்வால் அங்கே எதையும் பெரிதாகச் செய்து காட்டுவதில்லை. மகன் ஓரினக் காதலன் என்பதைவிட, இன்னொருத்தி வாயால் அதைக் கேட்க வேண்டியிருந்ததே என்பதுதான் அவளைக் குத்துகிறது. இதை அந்த வயதில் எழுத ஒருவருக்கு எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அப்புறம் அந்தப் போன் காட்சி. பெற்றோர் இருவரும் சேர்ந்து ஹூபர்டை போர்டிங் ஸ்கூலில் போட்டுவிடுகிறார்கள். வளர்ப்பதில் எந்தப் பங்கும் எடுக்காத அப்பா இந்த முடிவுக்கு மட்டும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பையன் அங்கிருந்து ஓடிவிடுகிறான். பிரின்ஸிபால் ஷான்டாலைக் கூப்பிட்டு, வீட்டில் ஓர் ஆண் துணை இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி புத்தி சொல்ல ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான். அதுவரை மகனிடம் தோற்றுக்கொண்டே இருந்தவள் வெடிக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, இந்தப் பிள்ளையைத் தனியாளாக வளர்த்தவளுக்கு, முகம் தெரியாத ஒருவர் போனில் பாடம் எடுக்கிறார். கெட்ட வார்த்தை கலந்து, மூச்சு விடாமல் திருப்பிக் கொடுக்கிறாள். கியூபெக்கில் வசவுச் சொற்கள் பலவும் தேவாலயச் சாமான்களின் பெயர்கள், பீடத்துப் பாத்திரத்தையும் அப்பத்தையும் சொல்லித்தான் திட்டுவார்கள். கொஞ்ச நேரம்தான் அந்தக் காட்சி. ஹூபர்ட் படம் முழுக்கக் கத்திய கத்தல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் அம்மாவை எதிர்க்கிறான், அவள் "ஆண் இல்லாத வீடு உருப்படாது" என்கிற நினைப்பையே எதிர்க்கிறாள். இதை விட்டுவிட்டு அவளை மோசமான அம்மா என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

2014-இல் டோலன் 'மம்மி' எடுத்தார். அதே ஆன் டோர்வால் மறுபடியும் அம்மா. கான் ஜூரி பரிசைப் புகழ்பெற்ற மூத்த இயக்குநர் கொதாரோடு பகிர்ந்துகொண்ட படம். பலருக்கு அதுதான் பிடிக்கும், அதில் திறமையும் கூடுதல். ஆனாலும் முதல் படத்தின் கரடுமுரடு எனக்குப் பிடித்திருக்கிறது. சில இடங்களில் அலங்காரம் அதிகம் என்பது உண்மைதான்.

படத்தில் ஒரு பிரிவுக் காட்சி வரும். "நான் இன்றைக்குச் செத்துப்போனால் நீ என்ன செய்வாய்?" என்று ஹூபர்ட் அம்மாவிடம் கத்துகிறான். பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடக்கிறான். அவன் கொஞ்ச தூரம் போன பிறகு அவள் வாய்க்குள்ளேயே சொல்கிறாள்: "நாளைக்கு நான் செத்துப்போவேன்." அது அவன் காதில் விழவே இல்லை.