டெமோ ரவுண்டில் முதலில் கேளுங்கள், பிறகு காட்டுங்கள்

ப்ரீசேல்ஸ், சேல்ஸ் இன்ஜினியர், சொல்யூஷன் கன்சல்டன்ட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: சேல்ஸ்காரர் விலை பேசுவார், மென்பொருள் உண்மையில் என்ன செய்யும் என்பதற்கு நாம் பொறுப்பு. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவர் யார் என்று தெரிவது, கஸ்டமருக்குக் காட்டுவதுபோல் மென்பொருளை எங்களுக்குக் காட்டும் டெமோ ரவுண்டில்தான்.

எங்களில் ஒருவர் கஸ்டமரின் ஐடி மேனேஜராகவும் இன்னொருவர் நிதித் தலைவராகவும் பேசுவோம். பெரும்பாலானவர்கள் ஸ்கிரீனை ஷேர் செய்த கையோடு லாகின் பக்கத்தில் ஆரம்பித்து, இருக்கிற மெனுவையெல்லாம் வரிசையாகத் திறக்கிறார்கள். அரை மணி நேரம் ஓடிவிடும். எங்களுக்கு என்ன பிரச்சினை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். "மாதக் கடைசி ரிப்போர்ட்டை இப்போது யார் போடுகிறார்கள்? எவ்வளவு நேரம் பிடிக்கிறது?" என்று விசாரித்துவிட்டு, அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் காட்டி நிறுத்துகிறவருக்கே என் ஓட்டு.

நடுவில் வேண்டுமென்றே ஒன்று கேட்போம்: "இது எங்கள் சர்வரிலேயே ஓடுமா?" கிளவுடில் மட்டும் ஓடுவது என்று அவருக்கும் தெரியும். "பண்ணிடலாம் சார்" என்று பதில் வந்தால் எனக்கு மனசு விட்டுப்போகும். அந்த வார்த்தை ஒப்பந்தத்தில் ஏறும். பிறகு அதைத் தலையில் சுமப்பது, விற்ற மென்பொருளை கஸ்டமரிடம் ஓடவைத்துக் கொடுக்கும் இம்ப்ளிமென்டேஷன் டீம். "ஓடாது. டேட்டா வெளியே போகக்கூடாது என்பதற்காகக் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். கவலை அதுதான் என்றால், டேட்டா எந்த நாட்டில் இருக்கும், டேட்டாவைப் பூட்டித் திறக்கும் என்கிரிப்ஷன் சாவி யாரிடம் இருக்கும் என்று பேச வழி இருக்கிறது.

கம்பெனிகளுக்கும் ஒன்று. உங்கள் மென்பொருளையே இரண்டு நாளில் படித்து டெமோ கொடு என்று கேட்பது அநியாயம். வேலையில் இருக்கிறவர் தூக்கத்தை விட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். அவருக்கு நன்றாகத் தெரிந்த எதையாவது காட்டட்டுமே. பார்க்க வேண்டியது காட்டும் விதத்தைத்தானே?

ஆஃபர் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். 70:30, 80:20 என்று, நிலையான சம்பளம் போக ஒரு பங்கு, விற்பனையைப் பொறுத்துக் கூடிக்குறையும் வேரியபிளாக இருக்கும். அது உங்கள் டீல்களை வைத்தா, மொத்த டீமின் டார்கெட்டை வைத்தா என்று கேளுங்கள். எத்தனை சேல்ஸ்காரர்களுக்கு நீங்கள் ஒருவர் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். ஆறேழு பேர் என்றால், கஸ்டமரைப் பற்றிப் படித்துவிட்டு டெமோவுக்குப் போக நேரமே கிடைக்காது.