ஒன்பது கிரகம், ஒரு நாள் சவாரி

(கும்பகோணத்தில் ஒரு வேன் நிறுத்தம், மாலை நேரம். மாமியாரை நவக்கிரகக் கோயில்களுக்கு அழைத்துச் செல்ல வண்டி பேச வந்திருக்கிறார் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை வசந்தா. ஓட்டுநர் கலியமூர்த்தி ஈரத்துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய தாளில் "9 கிரகம் – 1 நாள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.)

கலியமூர்த்தி: விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம் என்றால், திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர் என்று ஐந்தையும் மத்தியான நடை சாத்துவதற்குள் முடித்துவிடலாம் டீச்சர். சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. கிலோமீட்டருக்கு 22 ரூபாய்; பேட்டாவும் வெயிட்டிங்கும் தனி.

வசந்தா: 22 ரூபாயா? 450 கோடி ரூபாய் செலவில் மங்கள்யான் ஏறத்தாழ 66 கோடி கிலோமீட்டர் ஓடிச் செவ்வாயை அடைந்தது. கிலோமீட்டருக்கு 7 ரூபாய்கூட ஆகவில்லை தம்பி.

கலியமூர்த்தி: எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். செவ்வாய்க்குரிய வைத்தீஸ்வரன்கோவிலுக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் உங்களைக் கொண்டுபோய் நான் இறக்கிவிடுவேன்.

வசந்தா: 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தது. அதிலும் முதல் 25 நாட்கள் பூமியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஏற்றிவிட்ட ராக்கெட் சிறியது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உந்திச் சுற்றுப்பாதையைப் பெரிதாக்கிக்கொண்டு, டிசம்பர் 1 அன்றுதான் ஊரை விட்டே வெளியேறியது.

கலியமூர்த்தி: ஆள் சேரும் வரை கடைத்தெருவையே நாலு சுற்றுச் சுற்றும் மினிபஸ்ஸும் அப்படித்தான் டீச்சர். போகட்டும், செவ்வாய் அவ்வளவு தூரத்திலா இருக்கிறது?

வசந்தா: மிக நெருங்கி வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர்தான்.

கலியமூர்த்தி: (துடைப்பதை நிறுத்திவிட்டு) 5.5 கோடி தூரத்துக்கு 66 கோடி ஓட்டினார்களா? மீட்டருக்குச் சூடு வைத்திருக்கிறார்கள் டீச்சர்!

வசந்தா: சூடும் இல்லை, சுற்றலில் விடுவதும் இல்லை. நாம் நிற்கும் பூமியே சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. செவ்வாயோ வெளிவட்டத்தில் நொடிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓடும் பேருந்திலிருந்து ஓடும் இன்னொரு பேருந்துக்குத் தாவுகிறவன், அது இப்போது இருக்கும் இடத்தை நோக்கித் தாவினால் நடுரோட்டில்தான் விழுவான். ஆகவே பத்து மாதம் கழித்துச் செவ்வாய் எங்கே வந்து நிற்குமோ, அந்த இடத்தைக் குறிவைத்துச் சூரியனை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எரிபொருள் குறைவாகச் செலவாகும் அந்த வழியை ஹோமன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1925-லேயே கணக்கிட்டு எழுதிவிட்டார்.

கலியமூர்த்தி: நினைத்த நாளில் கிளம்ப முடியாதா?

வசந்தா: முடியாது. இரண்டு கிரகங்களும் அதற்கு ஏற்றபடி அமைவது ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒரு முறைதான்.

கலியமூர்த்தி: பெண் பார்த்துவிட்டு வர நல்ல நாள் தேடுகிறவர்களை நீங்கள் இனிமேல் கேலி செய்யக் கூடாது. சரி, புதன் பக்கம்தானே? அங்கே சீக்கிரம் போய்விடலாம் அல்லவா?

வசந்தா: அங்கேதான் சங்கடமே. மெசஞ்சர் என்ற விண்கலம் 2004 ஆகஸ்டில் கிளம்பி, 2011 மார்ச்சில்தான் புதனைச் சுற்றத் தொடங்கியது. ஆறரை ஆண்டுகளுக்கு மேல்.

கலியமூர்த்தி: செவ்வாய்க்குப் பத்து மாதம், புதனுக்கு ஆறரை ஆண்டா? வழியில் டயர் பஞ்சரா?

வசந்தா: சூரியனை நோக்கிப் போவது மலையிலிருந்து இறங்குவதைப் போன்றது. இழுக்கும் ஈர்ப்பு விசையில் வேகம் கூடிக்கொண்டே போகும். புதனருகே போனாலும் நிற்காமல் தாண்டிவிடும். அதனால் பூமியை ஒரு முறை, சுக்கிரனை இரண்டு முறை, புதனையே மூன்று முறை உரசிக்கொண்டு போய்ப் பாதையையும் வேகத்தையும் சரிசெய்து, நான்காவது முறைதான் நின்றார்கள்.

கலியமூர்த்தி: (முகம் மலர்ந்து) இது எனக்குப் புரிகிறது டீச்சர். கொல்லிமலையில் ஏற்றுவது பெரிய வேலையே இல்லை. இறக்கத்தில் பிரேக் காயாமல் கொண்டுவருகிறவன்தான் டிரைவர்.

வசந்தா: சனிக்குப் போன காசினி இன்னும் வேடிக்கை. 1997 அக்டோபரில் கிளம்பி, சுக்கிரனை இரண்டு முறை சுற்றுவழியில் தொட்டு, மறுபடி பூமிப் பக்கம் வந்து, குருவைக் கடந்து, 2004 ஜூலையில் சனியை அடைந்தது.

கலியமூர்த்தி: சுக்கிரன், குரு, பிறகு சனியா? இது என்னுடைய ரூட் அல்லவா! ஆனால் நடுவில் எதற்குச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்? தேங்காய்ப்பழத் தட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்களா?

வசந்தா: வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான். சைக்கிளில் போகிற பையன் லாரியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே போவான் அல்லவா? அதுபோல ஓடும் கிரகத்தின் ஈர்ப்பைப் பிடித்துக்கொண்டு போனால், செலவில்லாமல் வேகம் கிடைக்கும்.

கலியமூர்த்தி: அந்தப் பையனை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! சரி, எங்கேயும் வளையாமல், ஒரே ஓட்டமாக ஓடிய வண்டியே கிடையாதா?

வசந்தா: ஓரளவுக்கு அப்படிச் சொல்லக்கூடியது நியூ ஹொரைசன்ஸ். 2006 ஜனவரி 19 அன்று கிளம்பி, ஒன்பது மணி நேரத்தில் நிலவின் பாதையைத் தாண்டியது. குருவிடம் மட்டும் வேகம் வாங்கிக்கொண்டு, 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை அடைந்தது. ஆனால் அந்த வேகத்தைக் குறைக்கும் அளவுக்கு எரிபொருள் இல்லை. எனவே படம் எடுத்துக்கொண்டே கடந்து போய்விட்டது.

கலியமூர்த்தி: ஒன்பதரை ஆண்டு ஓடிப்போய், ஸ்டாப்பிங்கில் நிற்கவில்லையா?

வசந்தா: அது மட்டுமா? வண்டி கிளம்பிய ஏழாவது மாதம், புளூட்டோ கிரகமே அல்ல என்று அறிவித்துவிட்டார்கள்.

கலியமூர்த்தி: அடப்பாவமே! சவாரி போய்க்கொண்டிருக்கும்போதே ஊரின் போர்டைக் கழற்றிவிட்டார்களே. (சற்று யோசித்து) செவ்வாய்க்கு மனிதர்கள் போனால், திரும்பி வர எத்தனை நாள் ஆகும்?

வசந்தா: சிக்கன வழியில் போக ஏறத்தாழ ஒன்பது மாதம், வர ஒன்பது மாதம். பூமி வாகான இடத்துக்கு வரும் வரை அங்கே ஏறத்தாழ 15 மாதம் காத்திருக்க வேண்டும்.

கலியமூர்த்தி: (கண்கள் விரிய) 15 மாத வெயிட்டிங்கா டீச்சர்? அந்தச் சவாரி வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வசந்தா: அது இருக்கட்டும், 22 ரூபாயைக் குறையுங்கள். இஸ்ரோ 7 ரூபாய்க்குப் போயிருக்கிறது.

கலியமூர்த்தி: ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த 300 நாளும் என்ஜின் ஓடியதா?

வசந்தா: (தயங்கி) இல்லை... பூமியை விட்டுக் கிளம்பியதும் முக்கிய என்ஜினை அணைத்துவிட்டார்கள். கடைசியில் செவ்வாயருகே வேகத்தைக் குறைக்க 24 நிமிடம் எரித்தார்கள். இடையில் வழியைத் திருத்த அவ்வப்போது சின்ன உந்திகள். சேருவதற்கு இரண்டு நாள் முன்பு நான்கு நொடிச் சோதனை.

கலியமூர்த்தி: பார்த்தீர்களா! பத்து மாதம் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். டோல்கேட் இல்லை, ஏசி இல்லை, பின்சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தையும் இல்லை. நம் தஞ்சைச் சமவெளியில் என்ஜினை அணைத்தால், வண்டி அணைத்த இடத்திலேயேதான் நிற்கும்.

வசந்தா: 20 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன்.

கலியமூர்த்தி: தாராளமாக வருகிறேன். ஆனால் 20 ரூபாய் என்றால் அந்த புளூட்டோ வண்டி மாதிரிதான். எந்தக் கோயிலிலும் நிற்காது. மாமியாரை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்துப் போகிற போக்கிலேயே கும்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வசந்தா: (பையைத் திறந்தபடி) முன்பணம் எவ்வளவு தர வேண்டும்?