லிப்போவை முழுக்கக் காலியாக்கி வைக்காதீர்கள்

"ரிமோட் விமானம், ட்ரோன் பறக்கவிடாத மாதங்களில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் கார் பல்பை மாட்டி, அது அணையும்வரை விட்டு, அப்புறம் எடுத்து வையுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம்.

லிப்போ செல் (பேட்டரிக்குள் இருக்கும் தனி அலகு) 3 வோல்ட்டுக்குக் கீழே போனாலே கெட ஆரம்பிக்கும். பல்பு அணையும்போது அதைவிட வெகு கீழே போயிருக்கும். அந்த ஆழத்தில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம்.

வைக்க வேண்டிய அளவு செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட். மூன்று செல் சேர்ந்த பேக் என்றால் சுமார் 11.4 முதல் 11.55. சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு (இந்த அளவுக்குத் தானாகக் கொண்டுவரும் வசதி) இருந்தால் அதுவே போதும். சின்ன சார்ஜர்கள் மெதுவாகத்தான் இறக்கும், பொறுமை வேண்டும்.

பல்பு தவறில்லை, தானாக நிற்காது என்பதுதான் சிக்கல். 2200 எம்ஏஎச் மூன்று செல் பேக்கை 21 வாட் பல்பு முக்கால் மணி நேரத்துக்குள் பாதியாக்கிவிடும். பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்க உதவும் சின்ன பிளக்) வோல்ட்டேஜ் அலாரம் மாட்டி, பக்கத்திலேயே இருங்கள். கழற்றியதும் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறும், சிறிது நேரம் விட்டு ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். ஆறு செல் பேக்கில் ஒற்றை 12 வோல்ட் பல்பை மாட்டவே கூடாது, எரிந்துபோகும். ஏற்கெனவே உப்பிய பேக்கில் இது எதையும் முயற்சி செய்யாதீர்கள்.