முதலில் படுக்கை, அப்புறம் கவுன்சிலிங்

வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட குயர் பிள்ளைகளைப் பற்றி (ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோரும் இதில் அடக்கம்) யார் எழுதினாலும் கீழே கமெண்டில் ஒருவர் வந்து, "பேசிப் புரியவைத்து வீட்டோடு சேர்த்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இன்று ராத்திரி எங்கே தூங்கும்? அதற்குப் பதில் வைத்துக்கொண்டு பேசுங்கள், கேட்கிறேன்.

வீட்டில் அடி விழுகிறது, பிள்ளை வெளியேறுகிறது. முதல் வாரம் தோழி வீட்டு சோபா, அடுத்த வாரம் தோழியின் தோழி வீடு. எல்லாக் கதவும் மூடிய பிறகு, "என்னோடு வந்து இரு" என்று யாரோ முன்பின் தெரியாதவர் கூப்பிடுகிறார். அந்தக் கூரைக்கு வாடகையாக அவர் என்ன கேட்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. போலீசில் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். புகார் கொடுத்தால் முதலில் போன் போவது வீட்டுக்கு. எந்த வீடு? அடித்த வீடு. இதனால்தான் வீடின்மையையும் வன்முறையையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகப் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் 2012இல் வில்லியம்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில், வீடற்ற இளைஞர்களுக்கு உதவும் அமைப்புகள் தங்களிடம் வருபவர்களில் சுமார் 40% பேர் குயர் என்று சொல்லியிருந்தன. மற்ற இளைஞர்களைவிடக் குயர் இளைஞர்கள் வீடிழக்கும் அபாயம் 120% அதிகம் என்று 2017இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாபின் ஹால் ஆய்வு மையம் சொன்னது. தோழி வீட்டு சோபாவில் இருப்பவர்கள் பல நாடுகளில் எந்தக் கணக்கிலும் வருவதே இல்லை. அவர்களைத் தெருவில் பார்க்க முடியாதே.

சரி, இதற்கு யார் என்ன செய்தார்கள்? பெரிய நிறுவனங்கள் முன்னால் வந்து, மற்றவர்கள் பின்னால் போனதாக நினைத்தால் தவறு. 1966இலேயே சான் பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் தெருவில் வாழ்ந்த குயர் இளைஞர்கள் 'வேன்கார்ட்' என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். போலீஸ் தங்களைக் குப்பைபோல் தெருவிலிருந்து கூட்டித் தள்ளுகிறது என்பதைக் காட்ட, கையில் துடைப்பத்தோடு இறங்கி அந்தத் தெருவை அவர்களே கூட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த போராட்டம் இது. ஒரு துண்டறிக்கைகூடத் தேவைப்பட்டிருக்காது.

1970இல் நியூயார்க்கில் சில்வியா ரிவேரா, மார்ஷா பி. ஜான்சன் என்ற இரண்டு திருநங்கைப் போராளிகள் 'ஸ்டார்' அமைப்பைத் தொடங்கியபோது சில்வியாவுக்கு வயது 19தான். பத்து, பதினொரு வயதிலேயே தெருவுக்கு வந்தவர். வீடில்லாத திருநங்கைப் பிள்ளைகளை முதலில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கிடந்த டிரெய்லரில் தங்கவைத்தார்கள். ஒருநாள் காலையில் பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே அதை யாரோ ஓட்டிக்கொண்டு கிளம்ப, அலறிக்கொண்டு குதித்தார்கள். பிறகு ஒரு பாழடைந்த கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். பிள்ளைகள் உடலை விற்கக் கூடாது என்பதற்காக இவர்கள் இருவரும் பாலியல் தொழில் செய்து வாடகையும் சாப்பாடும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1971இல் காலி செய்யவைத்துவிட்டார்கள்.

1973இல் நியூயார்க்கில் குயர் மக்களின் பெருமிதப் (பிரைடு) பேரணியின் மேடையில் ஏற சில்வியா முட்டி மோத வேண்டியிருந்தது. ஏறியதும் கூட்டம் கூச்சல் போட்டது. சிறையில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் அவர் கேட்டார். அதே சில்வியா 90களில் நதிக்கரைப் படகுத்துறையில், வீடில்லாமல் ஒரு கூடாரத்தில் வாழ்ந்தார். இன்று அவர் படத்தைச் சுவரில் மாட்டாத குயர் அமைப்பு குறைவு.

நியூயார்க்கில் வாழ்ந்த குயர் இளைஞர் அலி ஃபோர்னியைப் பலருக்குத் தெரியாது. 13 வயதில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். தெருவில் இருந்தபடியே மற்றப் பிள்ளைகளுக்கு ஆணுறையும் ஆறுதலும் கொண்டுபோனவர். தன்னைப் போன்றவர்களின் கொலைகளை விசாரிக்கச் சொல்லிப் போலீசை விடாமல் நச்சரித்தவர். 1997 டிசம்பரில், 22 வயதில், அவரையும் ஹார்லெமில் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர் யார் என்று கண்டுபிடிக்கவே இல்லை. அவரை அறிந்த கார்ல் சிசிலியானோ 2002இல் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் ஆறு படுக்கையோடு ஆரம்பித்த இடம்தான், வீடில்லாத குயர் இளைஞர்களுக்கென்று இன்றைக்குப் பெரிதாகப் பேசப்படும் அலி ஃபோர்னி மையம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1989இல் 16 வயது ஆல்பர்ட் கென்னடி, துரத்தியவர்களிடமிருந்து தப்பும்போது கார் நிறுத்தும் கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தான். அரசு காப்பகத்திலிருந்து ஓடிவந்த பையன். அதே வருஷம், வேறு பிள்ளைகளுக்கு வளர்ப்புத் தாயாக இருந்த கேத் ஹால் அவன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். விடுதி கட்டவில்லை. வயதில் மூத்த குயர் மனிதர்களின் வீட்டில் ஒரு அறையைக் கேட்டுப் பெற்று, துரத்தப்பட்ட பிள்ளைகளை அங்கே தங்கவைத்தார்கள். பிரேசிலின் சாவோ பாலோவில் இரான் ஜியுஸ்டி என்பவர், துரத்தப்பட்டவர்கள் தன் வீட்டில் தங்கலாம் என்று முகநூலில் போட்ட பதிவு, 2017இல் 'காசா 1' என்ற இல்லமானது.

இதையெல்லாம் படித்து உற்சாகம் வரலாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏன் எப்போதும் ஒரு பிணம் விழுந்த பிறகே படுக்கை வருகிறது? ஏன் எதுவும் இல்லாதவர்கள்தான் முதலில் கொடுக்க வேண்டியிருக்கிறது? பெருமித மாதம் என்று ஜூன் முழுக்க வானவில் லோகோ போடும் நிறுவனங்களிடம் பன்னிரண்டு மாத வாடகை கேட்டுப் பாருங்கள். விழாவுக்கு ஸ்பான்சர் கிடைக்கும். கரண்ட் பில்லுக்குக் கிடைக்காது.

பொதுக் காப்பகங்கள் இருக்கின்றனவே என்றால், ஆண் கூடமா பெண் கூடமா என்ற முதல் கேள்வியிலேயே திருநங்கைப் பிள்ளையும் திருநம்பிப் பிள்ளையும் திரும்பிவிடுகிறார்கள். அடையாள அட்டையில் பழைய பெயர். அட்டையே வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. 18 ஆனதும் குழந்தைகள் காப்பகம் வெளியே அனுப்பிவிடும். பெரியவர்கள் காப்பகத்திலோ அந்த வயதுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடையாது.

சட்டத்தால் நடக்கக்கூடியதும் உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவைத் தேடிப் படியுங்கள். காணவில்லை என்று வரும் புகாரில், சம்பந்தப்பட்டவர்கள் சுய விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் வயதுவந்த குயர் மனிதர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்றது அது. இருக்கிற தங்கும் இல்லங்களை இவர்களுக்கும் ஏற்றபடி மாற்றச் சொன்னது. அந்த இரண்டு பெண்களையும் தப்பி வந்த முதல் இரவு பாதுகாத்தது யார் என்று யோசியுங்கள். நீதிமன்றம் வருவதற்கு முன்பே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

அந்தக் கதவு பெரும்பாலும் நாலைந்து பேர் முறை வைத்து எடுக்கும் ஒரு போன் நம்பர்தான். சான்றிதழ்களை முன்கூட்டியே போட்டோ எடுத்து வை என்று சொல்ல ஒருவர், வக்கீலை எழுப்ப ஒருவர், ஒரு வாரத்துக்கு அறை தர ஒருவர். அறை தருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று அலசி விசாரிக்கவும் ஒருவர் வேண்டும். இதில் கூச்சமே படக் கூடாது, ஆபத்து நம் வட்டத்துக்குள்ளிருந்தும் வரும்.

பெற்றோர் மனதைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சில மாதம், சிலருக்குச் சில வருஷம். மாறட்டும், காத்திருப்போம். அதுவரை பிள்ளையின் முகவரி மட்டும் அவர்களிடம் இருக்க வேண்டாம். பேச வேண்டுமென்றால் பிள்ளையே கூப்பிடும்.