அந்த ஆய்வு நம்ம திட்டத்தைப் பற்றியது இல்லை

அண்ணா, "இல்லம் தேடிக் கல்வி வெறும் விளம்பரம், பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லைன்னு ஆய்வே சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, தன்னார்வலர்களை வைத்துச் சாயங்கால வகுப்பு நடத்த தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய திட்டம் அது. நீங்கள் சொல்லும் ஆய்வு மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் செய்தது. அங்கே பள்ளிகளை மதிப்பிட்டு, மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். காகிதம் நிறைந்தது, வகுப்பறையில் கற்பிக்கும் விதம் மாறவில்லை, மதிப்பெண்ணும் ஏறவில்லை. அதுவரை நீங்கள் சொன்னது சரி.

ஆனால் இதே இருவரும் மௌரிசியோ ரொமேரோவும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மீதியை அந்தத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குளச்சல் பக்கம் எங்கள் தெருவில் சாயங்காலம் இந்த வகுப்பு எடுத்தவள் நான். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் விழித்த பிள்ளையோடு தினமும் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று, "குமரிக்கு எதற்கு இதெல்லாம், 91.75 சதவீத எழுத்தறிவு இருக்கே" என்றீர்கள். அது 2011 கணக்கெடுப்பு. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரையும் சேர்த்த எண். 2021க்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.