விசையைத் தீர்மானியுங்கள், டிராக் அதிலிருந்து வரட்டும்

ரோலர் கோஸ்டர் சிமுலேட்டரில் புதிதாக டிராக் போட வருகிறவர்களிடம் பழைய ஆட்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முதலில் கையால் புள்ளி வைத்து வரைந்து பழகு, விசை அடிப்படையிலான கருவியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இது கற்றுக்கொள்கிறவரைத் தேவையில்லாமல் சுற்றிவிடுகிற அறிவுரை என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த விஷயம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கையால் வரைவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: நோலிமிட்ஸ் என்ற கோஸ்டர் சிமுலேட்டர் 2001-இல் வந்தது, அதன் இரண்டாம் பதிப்பு 2014-இல். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான், முப்பரிமாண வெளியில் புள்ளிகளை வைக்கிறோம், மென்பொருள் அவற்றை ஒரு வளைகோடாக இணைக்கிறது. பிறகு ரயிலை ஓடவிட்டு எங்கே எத்தனை ஜி (நம் எடையைப் போல எத்தனை மடங்கு விசை) வருகிறது என்று பார்க்கிறோம். அதிகமாக இருந்தால் புள்ளியை ஒரு அடி நகர்த்திவிட்டு மறுபடி ஓடவிடுகிறோம். அதாவது முதலில் உருவம், அதன் விளைவாக விசை.

எஃப்விடி ப்ளஸ் ப்ளஸ் மாதிரியான விசை அடிப்படையிலான கருவியில் இது தலைகீழ். மூன்று விஷயங்களை நாம் சொல்ல வேண்டும்: இருக்கையோடு அழுத்துகிற செங்குத்து விசை எவ்வளவு, பக்கவாட்டில் தள்ளுகிற விசை எவ்வளவு, ரயில் நொடிக்கு எத்தனை டிகிரி உருள வேண்டும். மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் ரயில் எவ்வளவு உயரம் இறங்கியிருக்கிறது என்பதிலிருந்து வேகம் தெரியும், அதில் உராய்வுக்குக் கொஞ்சம் கழிக்க வேண்டும். நாம் கேட்ட விசையோடு புவியீர்ப்பையும் சேர்த்தால் முடுக்கம் கிடைக்கும். அதில் பாதைக்குக் குறுக்கே உள்ள பகுதியை வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த இடத்தில் டிராக் எவ்வளவு வளைய வேண்டும் என்பது வந்துவிடும். இதையே ஒரு சின்ன அடி, அடுத்த சின்ன அடி என்று செய்துகொண்டே போனால் முழு டிராக்கும் உருவாகிறது. ஒரு மேட்டில் செங்குத்து விசை 0 என்று கொடுத்துப் பாருங்கள். பரவளையம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பரவளையம்தான் வரும், ஏனென்றால் எறிந்த கல் போகிற பாதை அதுதான்.

இதை ஏமாற்று வேலை, கணினி எல்லாவற்றையும் செய்துவிடுகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கணினி செய்வது வரைபட வேலையை மட்டும். எந்த இடத்தில் உடல் மிதக்க வேண்டும், எங்கே அழுந்த வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அது சொல்லாது. அதுதான் வடிவமைப்பு. கையால் வரையும்போது இந்த முடிவுகளை எடுக்காமலேயே ஒருவர் பல மாதங்கள் ஓட்டிவிடலாம், ஏனென்றால் புள்ளிகளை நகர்த்துவதிலேயே பொழுது போய்விடும். விசைக் கருவியில் முதல் நிமிடத்திலேயே கேள்வி வந்து நிற்கிறது: இங்கே என்ன உணர வேண்டும்?

இந்தச் சிந்தனை சிமுலேட்டர் ஆட்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே என்று ஒரு கோஸ்டர் ஓடியது. அதன் லூப், அதாவது ரயில் தலைகீழாகச் சுற்றிவருகிற வளையம், ஏறக்குறைய முழு வட்டம், விட்டம் சுமார் 7.6 மீட்டர்தான். ஏறியவர்களுக்குக் கழுத்து வலி என்று பெயர் எடுத்தது. காரணத்தை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். உராய்வை விட்டுவிட்டால், வட்டமான லூப்பின் அடியில் உணரும் விசைக்கும் உச்சியில் உணரும் விசைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 6 ஜி. லூப் சின்னதா பெரியதா என்பதற்கு இதில் இடமே இல்லை, எந்த அளவு வட்டத்துக்கும் அதே 6 தான். உச்சியில் வெறுமனே எடையற்ற நிலை வந்தாலே அடியில் 6 ஜி வந்து விழும், அதுவும் தட்டையான தரையிலிருந்து வட்டத்துக்குள் நுழைகிற அந்த ஒரு கணத்தில் மொத்தமாக. உருவத்தை முதலில் முடிவு செய்ததன் விலை இது.

நவீன லூப் வர 1976 வரை ஆனது. கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டர். ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டியது, கணக்குப் போட்டவர் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். லூப் கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும்: கீழே பெரிய ஆரம், மேலே போகப்போகச் சுருங்குகிற ஆரம். வேகம் அதிகமாக உள்ள இடத்தில் மெதுவாக வளைகிறது, வேகம் குறைந்த இடத்தில் இறுக்கமாக வளைகிறது, அதனால் விசை எங்கேயும் எகிறுவதில்லை. உடல் எதைத் தாங்கும் என்பதிலிருந்து பிறந்த உருவம் அது. ரயில் உருளும்போது தண்டவாளத்தை அச்சாக வைக்காமல் பயணியின் நெஞ்சை அச்சாக வைக்க வேண்டும் என்ற கொள்கையும் ஸ்டெங்கலோடு சேர்த்தே பேசப்படுகிறது. இன்றைக்கு எஃப்விடியில் ஹார்ட்லைன் என்று ஒரு பெட்டியில் தண்டவாளத்துக்கும் நெஞ்சுக்கும் உள்ள தூரமாக 1.1 மீட்டர் என்று தட்டுகிறோமே, அதன் பின்னால் இருப்பது இதுதான்.

சரி, இப்போது என்னை இந்தக் கருவிகளின் பக்கம் முழுதாக இழுத்த விஷயத்துக்கு வருகிறேன். விசை எவ்வளவு என்பதைவிட அது எப்படி வந்து சேர்கிறது என்பது.

30 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் வேகம் நொடிக்கு சுமார் 24 மீட்டர், மணிக்கு 87 கிலோமீட்டர். அங்கே 4 ஜி உணர வேண்டுமானால் அந்த இடத்தில் வளைவின் ஆரம் 20 மீட்டர் இருக்க வேண்டும். இதுவரை கையாலும் செய்யலாம். ஆனால் இறக்கத்தில் இருந்த 0-விலிருந்து அந்த 4-க்கு எவ்வளவு நேரத்தில் போகிறோம்? பத்தில் ஒரு நொடியில் போனால் அந்த மாற்றம் முழுவதும் வெறும் இரண்டரை மீட்டர் டிராக்குக்குள் நடந்து முடிகிறது, உடலுக்கு அது ஒரு அடி மாதிரி விழும். முக்கால் நொடி எடுத்துக்கொண்டால் அதே 4 ஜி ஒரு கனமான, சுகமான அழுத்தமாக மாறுகிறது. இரண்டு டிராக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் லேசில் தெரியாது. புள்ளிகளை ஐந்து, பத்து மீட்டர் இடைவெளியில் வைத்து வரைகிறவருக்கு அந்த இரண்டரை மீட்டர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறது. நம் ஆட்கள் பம்ப் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: வழவழப்பாகத் தெரிகிற வளைவுக்குள் விசை மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும். விசைக் கருவியில் அந்த மாற்றமே நாம் நேராகத் தொடுகிற பொருள். எத்தனை நொடி, என்ன வடிவத்தில் ஏற வேண்டும், தொடக்கத்தில் மெதுவாகவா கடைசியில் மெதுவாகவா, எல்லாம் நம் கையில்.

நேரமும் அப்படித்தான். 2010-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கிங்ஸ் டொமினியன் பூங்காவில் இன்டிமிடேட்டர் 305 திறந்தது, 93 மீட்டர் உயரம். இறக்கம் முடிந்ததும் வருகிற முதல் திருப்பத்தில் அதிக விசை நீண்ட நேரம் நின்றதால் பலருக்குப் பார்வை மங்கியது, தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்கிவிடுகிறது. அடுத்த பருவத்துக்குள் அந்தத் திருப்பத்தைப் பெரிய ஆரத்தில் மாற்றிக் கட்டினார்கள். உச்ச விசையை மட்டும் பார்த்தால் இந்தப் பிரச்சினை பிடிபடாது. ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பு கேளிக்கைச் சவாரிகளுக்கு வகுத்த தரநிலையில்கூட வரம்பு ஒற்றை எண்ணாக இல்லை, எத்தனை ஜி எத்தனை நொடிவரை என்றுதான் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்காவில் மேவரிக் என்ற கோஸ்டரில் நடந்தது வேறு மாதிரி: சோதனை ஓட்டத்தில் ஒரு ஹார்ட்லைன் உருளல் ரயில்கள்மேல் அளவுக்கு மீறிய விசையைப் போடுவது தெரிந்து, திறப்பையே தள்ளிவைத்து அந்தத் துண்டைக் கழற்றிவிட்டார்கள். எஃகைக் கழற்றி மாட்டுவதன் செலவை யோசித்துப் பாருங்கள். நமக்கு ஒரு கோட்டை இழுத்தால் போதும். அந்த வசதி கையில் இருக்கும்போது அதைப் புதியவர்களிடமிருந்து ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

இந்தக் கருவிகளுக்குப் பலவீனம் உண்டு, அதை மறைத்துப் பேசினால் என் வாதத்துக்கே மரியாதை இல்லை. பெரிய தலைவலி, டிராக் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. முதல் மேட்டில் கால் நொடி கூட்டினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இடம் மாறும், திசையும் மாறும். சுற்றி வந்து நிலையத்தில் சேர்க்க வேண்டிய கடைசிப் பகுதியில் விசையை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண். அங்கே வளைவையும் கோணத்தையும் நேராகக் கொடுக்கிற பகுதிகளுக்கு மாறிவிடுங்கள், எஃப்விடியிலேயே அவை இருக்கின்றன. நிலத்தை உரசிப் போக வேண்டிய இடத்திலும் அப்படியே. அப்புறம் உராய்வு: கருவியில் கொடுத்த உராய்வும் சிமுலேட்டரில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் பாதி டிராக்குக்குமேல் வேகம் பிசகி, நாம் செதுக்கிய விசையெல்லாம் வேறாகிவிடும்.

இன்னொன்று, கணக்கு ஒரே ஒரு புள்ளிக்குத்தான். ரயிலோ நீளமானது. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது முன்வரிசை பின்னால் இருக்கிற எடையால் தயங்கி நிற்கும், பின்வரிசை இழுத்து வீசப்படும். முதல் இறக்கத்துக்குப் பின் இருக்கையைத் தேடிப் போகிறவர்கள் சும்மா போகவில்லை. அதனால் டிராக்கை நோலிமிட்ஸில் ஏற்றியதும் முன், நடு, கடைசி என்று மூன்று வரிசையிலும் உட்கார்ந்து விசையைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் கருவியில் செய்த டிராக்கெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் பழி கருவிமேல் இல்லை. பக்கவாட்டு விசையை டிராக் முழுக்க 0 என்று விட்டுவிடுகிறார்கள், மேடு எல்லாவற்றுக்கும் ஒரே எதிர்மறை விசை (இருக்கையிலிருந்து மேலே தூக்குவது), எல்லா மாற்றத்துக்கும் ஒரே வடிவம். பிறகு எப்படி உயிர் வரும்? கோனி ஐலண்டின் சைக்ளோன் கோஸ்டர் 1927-லிருந்து ஓடுகிறது, திருப்பங்களில் உடம்பை ஒரு பக்கமாகத் தள்ளி ஒதுக்கும், அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் அது சைக்ளோனே இல்லை. பக்கவாட்டு விசையும் ஒரு உணர்வுதான், அதைக் கேட்டுப் பெற வேண்டும். 0.3 ஜி பக்கவாட்டில் விட்டு ஒரு திருப்பம் செய்து பாருங்கள், டிராக்குக்கு ஒரு குணம் வருவது தெரியும்.

தொடங்க நினைக்கிறவர்களுக்குச் செலவு இல்லை. எஃப்விடி ப்ளஸ் ப்ளஸ் திறந்த மூலம், அண்மைக்காலத்தில் கெக்ஸ்எடிட் என்று இன்னொன்றும் இலவசமாக வந்திருக்கிறது. முதல் நாளே முழுக் கோஸ்டர் செய்ய உட்காராதீர்கள். ஒரு இறக்கம், ஒரு அடிவாரம், ஒரு மேடு, அவ்வளவுதான். மேட்டில் முதலில் 0 கொடுங்கள், அடுத்து மைனஸ் 0.5, அடுத்து மைனஸ் 1. ஒவ்வொன்றிலும் மாற்றத்துக்கான நேரத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, பயணியின் இடத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள். செய்ததைப் பகிரும்போது வீடியோவை மட்டும் போடாமல் விசை வரைபடத்தையும் சேர்த்துப் போடுங்கள், செங்குத்து, பக்கவாட்டு இரண்டும், நேர அச்சோடு. அதை வைத்துத்தான் எந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து பேச முடியும்.